பத்தாவது செகண்டு

இருபத்தினாலாம் டோக்கன் இப்பத்தான் உள்ள போகுது. எங்களுது முப்பத்தெட்டு. நடுவுல பதிமூணு பேரு, ஆளுக்கு ஆறு நிமிஷம்னு வச்சாலும் எழுபத்தெட்டு நிமிஷம், அதுக்குள்ள நான் சொல்லிரணும். டாக்டர்கிட்ட சொல்லுததா இவகிட்ட சொல்லுததா, அதுகூட இன்னும் முடிவாகல. இவன்னா ஆவுடையம்மா, எனக்கு வாக்கப்பட்டு இருபத்தாறு வருஷம் ஆச்சு, பெஞ்சு நுனியில உக்காந்திருக்கா. இடது கையால சேலையை விலாவுல படாம ரெண்டு விரல்ல தூக்கிப் பிடிச்சிருக்கா, துணி பட்டா அவளுக்குத் தீயை வச்ச மாதிரி. அக்கி வந்து ஆறின இடம். தோலுல ஒண்ணும் கிடையாது, லேசா ஒரு கருப்பு, அவ்வளவுதான், ஆனா காத்து பட்டாக்கூட வலிக்கும்பா. அதனால அவளுக்கும் சுவத்து ஃபேனுக்கும் நடுவுல நான். ஃபேன் இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் லேசா முன்னால சாயுதேன், காத்து என் முதுகோட நின்னுரும். பதினோரு செகண்டுக்கு ஒரு தடவை திரும்புது. எதிர் பெஞ்சுல கழுத்துப்பட்டை போட்ட அம்மா ஒருத்தி இதையே பாத்துட்டு இருந்துட்டு, ‘குடுத்து வச்சவம்மா நீ, இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்க்கும்’னு சொல்லுதா. ஆவுடை சிரிக்கா. சிரிச்சா விலா ஆடிரும், அதனால உதட்டோட நிறுத்திக்கிட்டா. எனக்கு எந்திரிச்சு ஓடிரலாம் போல இருக்கு. காலையில எட்டரைக்கு ஃபைலை வாங்குன நர்ஸு பிள்ளை, ‘மாத்திரை ரெண்டு மாசமா விடாம சாப்பிட்டாங்களா’ன்னு கேட்டுச்சு. ‘ஆமா’ன்னேன். யோசிக்கவே இல்ல. நீலப் பேனாவால ஒரு டிக் போட்டுட்டு அடுத்த ஆளைப் பாத்துச்சு. அந்த டிக்கு இப்ப ஃபைலுக்குள்ள இருக்கு, ஃபைலு உள்ள டாக்டர் மேசையில இருக்கு.

எண்ணுறதுதான் எனக்குப் பொழப்பு. இருபத்தியொரு வருஷமா ஒரு மருத்துவக் கல்லூரியில, மருந்தியல் லேப்ல அட்டெண்டர். நம்பிராஜன்னு சொன்னா அங்க யாருக்கும் தெரியாது, எலி நம்பின்னு சொன்னாத்தான் தெரியும். எலியைக் குழாய்க்குள்ள விட்டு, வாலை மட்டும் வெளிய எடுத்து, அம்பத்தஞ்சு டிகிரி தண்ணியில மூணு விரக்கடை முக்கணும். மூணு செகண்டுல வாலைச் சுண்டி இழுத்துரும். இழுத்தா வலிக்குன்னு அர்த்தம். மருந்து போட்ட எலி அஞ்சு, ஆறு, ஏழுன்னு போகும். பத்து வந்துட்டா எலி இழுக்குதோ இல்லையோ நாமளே வாலை எடுத்துரணும், அதுக்கு மேல விட்டா வெந்துரும். அது சட்டம். எங்க புரபசர் ஹெப்சிபா மேடம் எந்தப் புதுப் பிள்ளைக்கும் முதல்ல சொல்லிக்குடுக்கது அந்தப் பத்தைத்தான். மேடம் என்னை அட்டெண்டர்னு ஒதுக்கினது கிடையாது, எது கேட்டாலும் சொல்லுவாங்க. ‘நம்பி, வலி கீழ இருந்து மேல ஏறுது இல்லையா, மேல இருந்து ஒருத்தன் கீழ இறங்குவான், அவன் பேரு செரடோனின். மூளைத்தண்டுல கிளம்பி முதுகுத்தண்டுக்குள்ள வந்து வாசல்ல நிப்பான். எந்த வலி உள்ள போகட்டும், எது நிக்கட்டும்னு அவன்தான் பாத்து விடுவான்.’ ஒரு துளி செரடோனினை எலியோட முதுகுத்தண்டுக்குள்ள ஏத்திட்டு வாலை முக்கினா, மூணுல இழுக்கிற எலி ஏழு வரைக்கும் சும்மா இருக்கும். கையில ஸ்டாப் வாட்சை வச்சுக்கிட்டு எத்தனையோ தடவை பாத்திருக்கேன். இங்க டாக்டர் ரூம் வாசல்ல நிக்கான் பாரு ஒரு செக்யூரிட்டி, காக்கி, மீசை, அவனைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வருது. இருபத்தஞ்சு வாங்கன்னு அவன் கத்தினாத்தான் இருபத்தஞ்சு உள்ள போகும். அவன் கண்ணைக் காட்டிட்டா அம்பதாம் நம்பரும் போயிரும், அதையும் இப்பப் பாத்தேன்.

இருபத்தஞ்சு போயாச்சு. ஆவுடை என் பக்கம் சாயாம, முகத்தை மட்டும் திருப்பி, ‘பசிக்குதா உங்களுக்கு’ன்னு கேக்கா. இல்லன்னேன். ‘காலையில ரெண்டு இட்லியோட எந்திரிச்சிட்டிய’ங்கா. இவளுக்கு வலிக்குன்னா வலியோட இருக்க வேண்டியதுதானே, என் இட்லியை எதுக்கு எண்ணுதா. எனக்குக் கோவம் வருது. கோவம் வரக்கூடாத நேரத்துல வருது, அது என் புத்தி. இந்தப் புத்திதான் இவ்வளவுக்கும் காரணம். ரெண்டு வருஷம் முன்னால அக்கி வந்தப்ப விலாவுல வரிசையா நீர்க்கொப்புளம், நான் சூட்டுக் கட்டின்னு சொல்லிட்டு வேலைக்குப் போயிட்டேன். மருந்துக்கு நடுவுல, மருந்தியல் டிபார்ட்மெண்டுல வேலை பாக்கவன். நாலாவது நாள் அவளாப் போயி வேளார் தெருவுல அக்கி எழுதிட்டு வந்தா. அந்த வீட்டம்மா காவியைக் குழைச்சு இறகால விலா நெடுக ஒரு சிங்கத்தை வரைஞ்சு விட்டிருக்கா. சிங்கம்னு இவ சொன்னா, எனக்கு அது பூனையாத்தான் தெரிஞ்சுது. கேலி பண்ணினேன். ‘வலி குறைஞ்சிருக்குங்க, நிசமாவே குறைஞ்சிருக்கு’ன்னா. காவியில குறையிற வலின்னா அது என்ன வலி? அன்னைக்கு அந்தக் கேள்வி என் மண்டையில உக்காந்துது. கொப்புளம் ஆறிப்போச்சு, வலி போகல. ஸ்கேன் எடுத்தோம், ஒண்ணும் இல்ல. ரத்தம் எடுத்தோம், ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்ல ஒண்ணும் இல்லன்னு ஒவ்வொருத்தரும் சொல்லச் சொல்ல இவ ஃபேனைப் போடாதிய, போர்வையைப் போடாதிய, கட்டில்ல திரும்பாதியன்னு சொல்லிட்டே இருந்தா. சித்திரை மாச வெக்கையில ஃபேன் இல்லாம படுத்துப் பாத்தாத்தான் தெரியும். பாவம்னு நினைச்சேன். அப்புறம் கொஞ்ச நாள் பாவம்னு நினைக்கணும்னு நினைச்சேன். அப்புறம் அதுவும் நின்னு போச்சு.

இங்க வந்தப்புறம்தான் டாக்டர் அன்வர் ஒரு கேப்சூல் எழுதினாரு. செரடோனினையும் அதோட கூட்டாளி இன்னொருத்தனையும் வீணாப் போகவிடாம வாசல்லயே நிறுத்தி வைக்கிற மருந்து. எனக்குத் தெரிஞ்ச மருந்துதான், எங்க எலிக்கும் குடுத்திருக்கோம். ஆனா அட்டைக்குள்ள இருந்த தாளை விரிச்சா முதல் வரியிலயே மனச்சோர்வுக்குன்னு போட்டிருக்கு. அதைப் படிச்சதும் எனக்கு என்னமோ ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு. பாத்தியா, டாக்டருக்கே தெரிஞ்சிருக்கு, இவளுக்கு மனசுலதான் வலின்னு. அப்படி நினைச்சதோட விட்டிருக்கலாம். லேப்ல ஒரு மருந்து வேலை செய்யுதான்னு பாக்கணும்னா ரெண்டு பாட்டில் வைப்போம், ஏ, பி. ஒண்ணுல மருந்து, ஒண்ணுல வெறும் உப்புத் தண்ணி. ஊசி போடுற பிள்ளைக்கு எது எதுன்னு தெரியாது. எனக்கு மட்டும் தெரியும், ஒட்டுறது நான்தான். வீட்டுல மாத்திரை எடுத்துக் குடுக்கதும் நான்தான், அவளுக்கு அட்டையைக் கிழிக்க விலா வலிக்கும். ரெண்டு பிளாஸ்டிக் டப்பா வாங்கினேன். பி டப்பாவுக்கு உள்ள கேப்சூலை எல்லாம் லேப்ல வச்சு ஒண்ணொண்ணாத் திறந்து, உள்ள இருந்த மருந்து உருண்டையைத் தண்ணித் தொட்டியில கொட்டிட்டு, ஹோமியோபதிக் கடையில விக்கிற பொடிசு சீனி உருண்டையை அடைச்சு மூடினேன். மருந்தும் உருண்டை, சீனியும் உருண்டை, காதுல வச்சு ஆட்டினாக்கூட ஒரே சத்தம். அதுல எனக்கு ஒரு பெருமை வேற. முதல் ரெண்டு வாரம் ஏ, அடுத்த ரெண்டு வாரம் பி. தினம் காலையில காப்பி குடுக்கும்போது, ‘பத்துக்கு எவ்வளவு வலிக்கு ஆவுடை’ன்னு கேட்டு ஒரு நோட்டுல குறிச்சேன். அதுக்கு முன்னால நான் அப்படிக் கேட்டதே கிடையாது. கேட்ட அன்னைக்கு அவ மூஞ்சியப் பாக்கணுமே.

இருபத்தொம்பதுங்கான் செக்யூரிட்டி. எப்ப இத்தனை போச்சு. ஏ டப்பாவுல எட்டு, ஏழு, ஏழு, ஆறு. பி டப்பாவுல அஞ்சு, நாலு, நாலு, மூணு. மூணு. நிசமான மருந்துக்குக் குறையாத வலி சீனிக்குக் குறையுதுன்னா என்ன அர்த்தம்? நோட்டைப் பிரிச்சு வச்சுக்கிட்டு அடுப்படியில நின்னு, இவ இத்தனை நாளா என்னை ஏமாத்திட்டா, ஃபேனை நிறுத்தி என்னைச் சாகடிச்சிட்டா, வேலைக்காரன் மாதிரி என்னை வேலை வாங்கிட்டான்னு நினைச்சேன். சண்டை போடல. சண்டை போட்டா சோதனை கெட்டுரும்ல. பி டப்பாவையே தொடர்ந்து குடுத்தேன். நடுவுல தலைக்குள்ள கரண்டு அடிச்ச மாதிரி வெட்டுதுன்னா, தரை ஆடுதுன்னா. நடிப்புன்னு நினைச்சு நோட்டுல எழுதாம விட்டேன். மருந்தைத் திடீர்னு நிறுத்தினா அப்படித்தான் வெட்டும்னு எனக்குத் தெரியாதா, தெரியும், எலிக்குன்னா தெரியும். மூணாவது வாரம் நம்பர் ஏற ஆரம்பிச்சுது. ஆறு, ஏழு, எட்டு. ஒரு நாள் காலையில குளிச்சிட்டு வந்து, துணி போட முடியாம, கதவைச் சாத்திக்கிட்டு மதியம் வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தா. அழுதாளான்னு தெரியல, சத்தம் வரல. முப்பத்தேழு நாள் நான் குடுத்தது சீனி. முப்பத்தெட்டாம் நாள் நிசமான மருந்தை எடுத்துக் குடுத்தேன். அதுல இருந்து இன்னைக்கு ஒம்பது நாள் ஆச்சு, அது வேலையை ஆரம்பிக்கவே இன்னும் ரெண்டு மூணு வாரம் ஆகும்.

அந்த முப்பத்தெட்டாம் நாள் தானா வரல, அதுக்கு முந்தின நாள் மேடம்கிட்ட கேட்டேன். எனக்கு வேண்டிய ஒருத்தர் வீட்டுலன்னு ஆரம்பிச்சேன். ‘வெறும் சீனி மாத்திரைக்கு வலி குறைஞ்சா அந்த வலி பொய்தானே மேடம்.’ மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழட்டி மேசையில வச்சாங்க. ‘யார் சொன்னா பொய்னு? மருந்து வந்துருச்சு, இனிமே சரியாகும்னு நம்பினா, மூளை தானாவே கீழ மருந்தை அனுப்பும். முதுகுத்தண்டுக்குள்ளயே வலி அடங்குறதைப் படம் எடுத்தே பாத்திருக்காங்க நம்பி. குறைஞ்சதும் நிசம், முன்னால இருந்ததும் நிசம்.’ நான் விடல. ‘நம்ம எலிக்கு உப்புத் தண்ணி போட்டா குறையலியே மேடம்’னேன். சிரிச்சாங்க. ‘எலிக்கு உங்க மேல நம்பிக்கை கிடையாது. நீங்க வந்தாலே சுடுதண்ணின்னு அதுக்குத் தெரியும்.’ சிரிச்சுட்டு அவங்க அடுத்ததையும் சொன்னாங்க, அதைச் சொல்லாம இருந்திருந்தா எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும். ‘வலியை ரொம்ப நாள் கவனிக்காம விட்டா இன்னொண்ணு நடக்கும். வாசல்ல நின்னு தடுத்தவனே கதவைத் திறந்து விட ஆரம்பிச்சிருவான். அதே செரடோனின்தான், வேற பூட்டுல போய் விழும். நரம்பு கெட்ட எலிக்கு அப்படி ஆகும், பாத்திருப்பீங்களே.’ பாத்திருக்கேன். அப்படி ஒரு எலிக்குத் தூரிகை முடி பட்டாலே காலை உதறும். அந்த எலியைக் குறிப்பேட்டுல எழுதினது நான், வீட்டுல சேலையை ரெண்டு விரல்ல தூக்கிப் பிடிச்சிருந்தவளைப் பாத்து நடிக்கான்னு சொன்னதும் நான்.

முப்பத்தி மூணு. எதிர் பெஞ்சு அம்மா உள்ள போயிட்டா. ஆவுடை மெதுவா, ‘ஏங்க, சுட்டுட்டா கால் வராதாமே’ன்னு கேக்கா. போன தடவையே டாக்டர் சொல்லிட்டாரு. ரெண்டு மாசம் முழுசா மருந்து சாப்பிட்டும் கேக்கலன்னா, முதுகைத் திறந்து, அந்த நரம்பு தண்டுவடத்துக்குள்ள நுழையுற இடத்தையே சுட்டு விடுததுதான் வழி. வலி போகலாம். சில பேருக்கு அந்தப் பக்கத்துக் காலு பலம் விட்டுரும். சுட்டது சுட்டதுதான், திரும்ப ஒட்ட முடியாது. இன்னைக்குக் கையெழுத்து. ‘எல்லாருக்கும் அப்படி ஆகாது’ன்னேன். ‘ஆனாலும் பரவாயில்ல’ங்கா. ‘நொண்டிக்கிட்டு நடந்துருவேன். இதோட இருக்க முடியல. நீங்களும் எத்தனை நாள் ஃபேன் இல்லாமப் படுப்பிய.’ நான் ஃபேனைப் பாக்கேன். இந்தப் பக்கம் திரும்புது, முன்னால சாயுதேன். இவ மருந்தே சாப்பிடல. சாப்பிடாத மருந்து கேக்கலன்னு சொல்லி இவ முதுகைத் திறக்கப் போறாவ. இப்பவே இவ காதுல சொல்லிருவோம், ஒரு வரிதான், சீனியைக் குடுத்தேன் ஆவுடை. சொன்னா ஆபரேஷன் நின்னுரும். ஆனா அந்த மூணு இருக்குல்ல, நோட்டுல இருக்கிற மூணு, இவளுக்கு ரெண்டு வருஷத்துல நல்லா இருந்த நாளு அதுதான், அதுவும் செத்துரும். இனிமே நான் எதை எடுத்து நீட்டினாலும் இவ உடம்பு நம்பாது. நிசமான மருந்துலகூடப் பாதி நம்பிக்கைதான்னு மேடம் சொல்லுவாங்க. இப்படி எல்லாம் கணக்காப் பேசுதேன், நிசம் அது இல்ல, எனக்குப் பயம். இவ என்னைப் பாக்கிற பார்வை மாறிருமேன்னு பயம், அவ்வளவுதான்.

டாக்டரைத் தனியாப் பாத்துச் சொல்லிட்டா என்ன. இவளுக்குத் தெரியவே வேண்டாம், டாக்டரே ஏதாவது சொல்லித் தள்ளிப் போடட்டும். ‘தண்ணி குடிச்சிட்டு வாரேன்’னு எந்திரிச்சேன். எந்திரிச்ச உடனே ஃபேன் காத்து நேரா அவ மேல போச்சு, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா. நான் வாசலுக்குப் போயி செக்யூரிட்டிகிட்ட, ‘ஒரு நிமிஷம் டாக்டரைப் பாக்கணும், நான் மட்டும்’னேன். ‘டோக்கன் எத்தனை?’ முப்பத்தெட்டு. ‘பேஷண்டு யாரு?’ என் வீட்டுக்காரி. ‘அப்ப அவங்க வரும்போது வாங்க சார். பேஷண்டு இல்லாம உள்ள விடுறது கிடையாது.’ அவசரம்னேன். ‘இங்க உக்காந்திருக்க எல்லாருக்கும் அவசரம்தான் சார்’னான். அவன் சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல. லேப்ல ஒரு தடவை மேடம் ஃபோன்ல பேசிட்டு இருந்தப்ப, மருந்து போட்ட எலி ஒண்ணு வாலை இழுக்கவே இல்ல, பத்து ஆச்சு, நான் எடுக்கல. எவ்வளவு தூரம் போகுதுன்னு பாக்கணும்னு ஒரு ஆசை. பதினாலுல எடுத்தேன். மறுநாள் வாலு வெந்து தோலு உரிஞ்சு கிடந்துச்சு. வலிக்காம இருந்ததுனால வேகாம இல்ல. நோட்டுல பத்துன்னு எழுதிட்டேன். இத்தனை வருஷத்துல அதை யாரும் கேக்கல. அந்தத் தைரியம்தான் எனக்கு. திரும்பி வந்து உக்காந்தப்ப ஆவுடை, ‘தண்ணி குடிச்சியளா’ன்னு கேட்டா. குடிச்சேன்னேன்.

முப்பத்தெட்டு. சொல்லிருவோம்னுதான் உள்ள போனேன், சத்தியமா. டாக்டர் அன்வர் சின்ன வயசுக்காரர், தூக்கம் இல்லாத முகம், ஆவுடை உக்காரதுக்கு முன்னாலேயே அவரே எந்திரிச்சு ஃபேனை நிறுத்தினாரு. ‘பத்துக்கு எவ்வளவும்மா?’ ‘ஒம்பதுங்க டாக்டர்.’ ஃபைலைப் புரட்டுதாரு, அந்த நீல டிக்குல அவர் விரல் நிக்கு. ‘ரெண்டு மாசம் முழு அளவுல குடுத்தாச்சு, கேக்கல. அப்ப நாம பேசின ஆபரேஷன்தான். கால் விஷயம் சொல்லியிருக்கேன், யோசிச்சீங்களா?’ யோசிச்சோம்னு ஆவுடை சொல்லுதா. அவரு தாளை என் பக்கம் தள்ளி, பேனாவை அது மேல வச்சு, என்னை நேராப் பாத்து, ‘ஒருநாள்கூட மருந்து விடலயே சார்?’னு கேக்காரு. இதோ, இதுதான் இடம், அவரே வாசலைத் திறந்து விடுதாரு. ‘விடல டாக்டர்’னேன். ரெண்டாவது தடவையும் என் வாய்தான் சொல்லிச்சு. பேனாவை எடுத்துட்டேன். நம்பின்னு எழுத ஆரம்பிச்சு முதல் எழுத்து போட்டாச்சு.

‘டாக்டர், ஒண்ணு சொல்லணும்’னு ஆவுடை சொல்லுதா. ‘சொன்னா இவியளுக்கு வேலையில ஏதும் வந்துரப்பிடாது.’ டாக்டர் நிமிர்ந்து பாக்காரு. ‘நீங்க எழுதின மருந்து முதல்ல சுமாராத்தான் கேட்டுச்சு. நடுவுல இவிய காலேஜுல இருந்து வேற மருந்து கொண்டாந்து குடுத்தாவ, என்கிட்ட சொல்லல. வெளிய குடுக்கக் கூடாத மருந்து போலன்னு நானும் கேக்கல. ஒரு நாள் வாயிலயே பிரிஞ்சிருச்சு, உள்ள இனிப்பா இருந்துச்சு. அதைச் சாப்பிட்டு ரெண்டு வாரம் நான் நல்லா இருந்தேன் டாக்டர். சேலையை விட்டுட்டு நடந்தேன். தினம் காலையில எப்படி இருக்குன்னு கேட்டுக் கேட்டுக் குடுப்பாவ. அப்புறம் அது தீந்து போச்சு போல, பழசையே குடுக்காவ. கால் போகாம இருக்க வழி உண்டுன்னா அதையே எழுதிக் குடுங்க. இவியளைத் திட்டாதிய, எனக்காகத்தான் எடுத்துட்டு வந்திருப்பாவ.’ சொல்லிட்டு என் முழங்கை மேல கையை வைக்கா. சூடா இருக்கு கை. மருந்து மாறினது இத்தனை நாளும் இவளுக்குத் தெரிஞ்சிருக்கு, தெரிஞ்சு என்னைக் காப்பாத்திட்டு இருந்திருக்கா. டாக்டர் என்கிட்ட, ‘என்ன மருந்து சார் அது, பேரைச் சொல்லுங்க’ங்காரு. கோவமா இல்ல, ஆசையாக் கேக்காரு, நிசமா ஒரு மருந்து கிடைச்சிருச்சோன்னு.

‘சீனி’ன்னேன். அவருக்கு விளங்கல. ‘சீனி உருண்டை, டாக்டர். நீங்க குடுத்த மருந்தைத் தொட்டியில கொட்டிட்டு அதுக்குள்ள சீனியை அடைச்சேன். முப்பத்தேழு நாள். இவளுக்கு வலி நிசமான்னு பாக்கதுக்கு.’ இவ்வளவுதான், சொல்ல எட்டு செகண்டு ஆகல. டாக்டர் என் கைக்கு அடியில இருந்து அந்தத் தாளை உருவி மடிச்சாரு, பேனாவையும் வாங்கிக்கிட்டாரு. ‘ஆபரேஷன் இப்ப வேண்டாம்மா, மருந்தை முதல்ல இருந்து ஆரம்பிப்போம்’னு அவளைப் பாத்துச் சொல்லுதாரு. அவ கேட்டாளான்னு தெரியல. என் முழங்கை மேல இருந்த கை போயிருச்சு, எப்ப எடுத்தான்னு தெரியல. என்னைப் பாக்கல, மேசை மேல இருந்த பேப்பர் வெயிட்டைப் பாத்துட்டு இருந்தா. இடது கையைக் கீழ போட்டா. அந்த ரெண்டு விரலும் விட்டுட்டு, சேலை விலாவுல விழுந்துச்சு. ஒண்ணு. ரெண்டு. மூணு. மூணுல இழுப்பான்னு பாத்தேன், அசையல. அஞ்சு. கழுத்து நரம்பு புடைக்கு. ஏழு. கண்ணு ரெண்டும் நிறைஞ்சிருச்சு, துணியை எடுக்கல. எட்டு. ஒம்பது. பத்து ஆனா நாமதான் எடுக்கணும். துணியைத் தூக்க நான் கையை நீட்டினேன். ‘தொடாதிய’ன்னா. என் கை நீட்டின இடத்துலயே நின்னுருச்சு. நான் பதினொண்ணை எண்ணினேன்.